தலைமடை யார் கையில்?

2013-இல் கொச்சியை ஒட்டிய புதுவைப்பில் ஒரு எல்என்ஜி முனையம் திறந்தார்கள். கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்கி, மறுபடி வாயுவாக்கி, ஆண்டுக்கு 50 லட்சம் டன் வரை அனுப்பக்கூடிய இடம். அனுப்பத்தான் வழியில்லை. குழாய் கொச்சியின் தொழிற்சாலைகளைத் தாண்டி வெளியே போகவில்லை. மங்களூருக்குப் போகும் 450 கிலோமீட்டர் குழாயைத் திறக்க 2021 ஜனவரி ஆகிவிட்டது. முதல் சில ஆண்டுகள் தன் திறனில் பத்தில் ஒரு பங்கைத் தொடுவதே அந்த முனையத்துக்குப் பெரும்பாடாக இருந்தது.

இதற்கு நேர் எதிர்க் கதை ஆந்திரக் கரையில் நடந்தது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் டி6 வயலில் 2009 ஏப்ரலில் எரிவாயு வரத் தொடங்கியது. ஒரு நாளைக்கு 8 கோடி கன மீட்டர் வரும் என்று கணக்குப் போட்டு, காக்கிநாடாவிலிருந்து குஜராத்தின் பரூச் வரை, நாட்டின் குறுக்கே சுமார் 1,400 கிலோமீட்டருக்குக் குழாய் போட்டார்கள். உற்பத்தி 6 கோடியைத் தொட்டது, அப்புறம் மளமளவென்று சரிந்தது. 2019-இல் அந்தக் குழாய் சுமார் 13,000 கோடி ரூபாய்க்குக் கைமாறியபோது அதில் பெரும்பகுதி காலியாகத்தான் இருந்தது. கேஸ் வரும் என்று நம்பி நாடெங்கும் கட்டிய மின்நிலையங்களில் 14,000 மெகாவாட்டுக்கு மேல் எரிபொருள் இல்லாமல் முடங்கின.

உள்நாட்டில் குழாய் போட்டுவிட்டால் எரிசக்தியில் நாடு சொந்தக்காலில் நின்றுவிடும் என்று யாராவது பேசும்போதெல்லாம் இந்த இரண்டும் எனக்கு ஞாபகம் வரும். ஒன்றில் சரக்கு இருந்தது, வழியில்லை. இன்னொன்றில் வழி இருந்தது, சரக்கில்லை. வாய்க்கால் வெட்டிவிட்டால் தண்ணீர் வந்துவிடாது என்று டெல்டாக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கடைமடையில் நாற்று விட்டுவிட்டு, மேட்டூர் நீர்மட்டத்தையும் அதற்கும் மேலே கிருஷ்ணராஜ சாகரின் நீர்மட்டத்தையும் பேப்பரில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அவர்கள். எரிவாயுவுக்கும் அதே கேள்விதான். தலைமடை யார் கையில்?

முதலில் நிலவரம். இந்தியா பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 100-க்கு 87, 88 பங்கு இறக்குமதி. இயற்கை எரிவாயுவில் ஏறக்குறையப் பாதி. வீட்டு சிலிண்டரில் வரும் எல்பிஜியில் சுமார் 60 சதவீதம், அதிலும் பெரும்பகுதி ஹோர்முஸ் நீரிணை என்ற ஒரே வாசல் வழியாக வந்து பழகியது. 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் 2047-க்குள் எரிசக்தித் தன்னிறைவு என்று இலக்கு வைத்தார். மொத்த எரிசக்தியில் 6, 7 சதவீதமாக இருக்கும் இயற்கை எரிவாயுவின் பங்கை 2030-க்குள் 15 ஆக்குவது இன்னொரு இலக்கு. எரிவாயுக் குழாய்கள் ஏற்கெனவே 25,000 கிலோமீட்டர் அளவுக்கு ஓடுகின்றன, இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தன்னிறைவு என்ற பெயரில் செலவழிக்கும் அடுத்த ரூபாயை எதில் போடுவது என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது. ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்பது மூன்று: தலைமடையில் யார், கடைமடையில் யார், நடுவில் யார் நிலம்.

எல்லை தாண்டி வரும் குழாய்

இதில் ரொம்ப நேரம் நிற்க வேண்டியதில்லை. ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியாக வருவதாக இருந்த குழாயிலிருந்து இந்தியா 2009-இல் விலகிக்கொண்டது. துர்க்மெனிஸ்தானில் தொடங்கி ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக 1,814 கிலோமீட்டர் வர வேண்டிய டாப்பி குழாய்க்கு 2015-இல் வேலை தொடங்கினார்கள். பஞ்சாப் எல்லைக்கு இன்னும் வந்து சேரவில்லை. ரஷ்யக் குழாயை நம்பியிருந்த ஐரோப்பா 2022-இல் பட்டது உலகத்துக்கே தெரியும். அந்த செப்டம்பரில் பால்டிக் கடலடியில் நோர்ட் ஸ்ட்ரீம் வெடித்தது. தலைமடையும் நடுவழியும் இரண்டுமே அடுத்தவர் கையில் என்றால் அந்த வாய்க்காலை நம்பி யாரும் விதைக்க மாட்டார்கள்.

கப்பலில் வந்து குழாயில் போவது

இப்போது நாடு போய்க்கொண்டிருக்கும் பாதை இதுதான். எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்தால் 600-இல் ஒரு பங்காகச் சுருங்கி திரவமாகிவிடும். அதைக் கப்பலில் ஏற்றி, தஹேஜ், ஹசீரா, கொச்சி, எண்ணூர் மாதிரியான முனையங்களில் இறக்கி, அங்கிருந்து உள்நாட்டுக் குழாய்களில் விடுவது. எண்ணூரில் 2019-இல் தொடங்கிய முனையத்திலிருந்து பெங்களூருக்கும், புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கும் போகும் குழாய்த் திட்டம் 1,400 கிலோமீட்டரைத் தாண்டும்.

இதன் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். லிதுவேனியா என்று ஒரு சின்ன நாடு. எரிவாயு முழுக்க ரஷ்யாவிலிருந்து ஒரே குழாயில் வந்துகொண்டிருந்தது. 2014-இல் கிளைபெடா துறைமுகத்துக்கு ஒரு மிதக்கும் எல்என்ஜி முனையத்தைக் கொண்டுவந்து கட்டிப்போட்டார்கள். அந்தக் கப்பலின் பெயரே ‘சுதந்திரம்’. அதிலிருந்து ஒரு துளி கேஸ் இறங்கும் முன்பே ரஷ்ய நிறுவனம் விலையைக் குறைத்துவிட்டது. 2022 ஏப்ரலில் ரஷ்ய எரிவாயுவே வேண்டாம் என்று நிறுத்த அவர்களால் முடிந்தது. அந்நாட்டு மண்ணில் எரிவாயு கிடையாது. ஒரு தலைமடை இருந்த இடத்தில் பல தலைமடை வந்ததுதான் வித்தியாசம்.

ஆனால் வேறு கடையில் வாங்கலாம் என்ற வசதி இருப்பதாலேயே விலை நம் கைக்கு வந்துவிடாது. 2020-இல் ஆசியச் சந்தையில் ஒரு அலகு எல்என்ஜி 2 டாலருக்கும் கீழே போனது. 2022 ஆகஸ்டில் அதே அலகு 60 டாலரைத் தாண்டியது. ஐரோப்பா காசை அள்ளி வீசிக் கப்பல்களைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. பாகிஸ்தான் டெண்டர் விட்டும் கப்பல் கிடைக்காமல் இருட்டில் கிடந்தது. நமக்கும் அடி விழுந்தது: நீண்டகால ஒப்பந்தம் போட்டபோது ரஷ்யக் குழுமத்தில் இருந்த நிறுவனம் ஒன்று, மத்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலுக்குத் தர வேண்டிய சரக்கைத் தராமல் கைவிரித்தது. கத்தாருடன், கொச்சி முனையத்தை நடத்தும் பெட்ரோநெட் நிறுவனம் வைத்திருக்கும் ஆண்டுக்கு 75 லட்சம் டன் ஒப்பந்தம் அந்த நேரத்தில் காப்பாற்றியது. அதை 2024-இல் இன்னும் 20 வருஷத்துக்கு நீட்டித்தார்கள், 2048 வரை. தன்னிறைவுக்கு இலக்கு வைத்த ஆண்டு 2047 என்பதை இங்கே ஞாபகப்படுத்துகிறேன்.

கத்தார் கப்பலும் ஹோர்முஸ் வழியாகத்தான் வர வேண்டும். குழாய் நம்முடையது, வால்வு நம்முடையது, வெல்டிங் அடித்தவர் நம் ஆள். அதற்குள் ஓடுவது நம்முடையதல்ல.

நம் மண்ணில் எடுத்து, நம் குழாயில் விடுவது

கேட்க இதுதான் இனிமையாக இருக்கும். இதற்கு நல்ல உதாரணமும் உண்டு. மும்பைக் கடலடி எரிவாயுவை ஹசீராவிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் ஜகதீஷ்பூர் வரை கொண்டுபோகத்தான் 1984-இல் கெயில் நிறுவனத்தையே தொடங்கினார்கள். அந்த எச்விஜே (ஹசீரா–விஜய்ப்பூர்–ஜகதீஷ்பூர்) குழாயின் வழிநெடுக உர ஆலைகள் வந்தன. தலைமடையில் சொந்த எரிவாயு, கடைமடையில் யூரியா. இதைவிடப் பொருத்தமான ஜோடி அமையாது.

நம் பக்கத்தில் சின்ன அளவில் ஒன்று. ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் குழாய், 2021 பிப்ரவரியில் திறந்தது. ராமநாதபுரம் வயல்களில் ஓஎன்ஜிசி எடுக்கும் எரிவாயு அதில் போகிறது. அதுவரை நாப்தா என்ற பெட்ரோலியப் பொருளைக் கொண்டு யூரியா செய்துகொண்டிருந்த ஸ்பிக் ஆலை எரிவாயுவுக்கு மாறியது. பக்கத்து ஊர் கேஸ், பக்கத்து ஊர் ஆலை, நடுவில் அளவான குழாய். திருமக்கோட்டை, குத்தாலம், வழுதூர் மின்நிலையங்களும் இதே மாதிரிதான், காவிரிப் படுகை எரிவாயுவைக் கிணற்றடியிலேயே மின்சாரமாக்குகின்றன.

சிக்கல் என்னவென்றால், வயல் வற்றும். குழாய் வற்றாது, நாற்பது வருஷம் கிடக்கும். வற்றியதும் அதே குழாயில் வேறு சரக்கு ஏறும். எச்விஜே தடத்தில் இன்று தஹேஜில் இறங்கும் கத்தார் எரிவாயுவும் சேர்ந்து ஓடுகிறது. இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் அஸ்ஸாமில் இருக்கிறது. நஹர்கட்டியா எண்ணெயை பீகாரின் பரவுனி சுத்திகரிப்பு ஆலைக்குக் கொண்டுபோக 1960-களின் தொடக்கத்தில் 1,157 கிலோமீட்டர் குழாய் போட்டார்கள். சொந்த எண்ணெய், சொந்த ஆலை, சொந்தக் குழாய், புது நாட்டின் பெருமை. பிற்பாடு பரவுனிக்கும் போங்கைகாவுனுக்கும் இடையே உள்ள சுமார் 600 கிலோமீட்டரை இரு திசையிலும் ஓடும்படி மாற்றினார்கள். இப்போது இறக்குமதி எண்ணெய் அந்தத் துண்டில் எதிர்த்திசையில் அஸ்ஸாமுக்கே போகிறது. தன்னிறைவுக்கு வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் திரும்பி ஓடுகிறது.

சரி, புது வயல் தேடலாமே? 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் எப்படி எழுந்தது என்று பார்த்தோம். அதே வருஷம் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து கச்சா எண்ணெய் விளைநிலத்தில் பரவியதையும் பார்த்தோம். 2020-இல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. ஓடும் கிணறுகள் ஓடும், புதிதாகத் தோண்டக் கூடாது. நெல்லுக்கும் கேஸுக்கும் நடுவே மாநிலம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அது சரியான பக்கம் என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் அதற்குப் பிறகு உள்நாட்டு எரிவாயு என்பது பெரும்பாலும் ஆழ்கடல் எரிவாயு. அதன் செலவும் ஆபத்தும் வேறு கணக்கு.

இதே வரிசையில் சாண எரிவாயுவையும் சேர்க்க வேண்டும். கரும்பாலைக் கழிவு, கோழி எச்சம், சந்தைக் குப்பை இவற்றிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த வாயுவை, நகரக் குழாயில் அப்படியே கலக்கலாம். நகர எரிவாயு நிறுவனங்கள் 2025–26-இல் 1 சதவீதம், 2028–29 முதல் 5 சதவீதம் கலக்க வேண்டும் என்று மத்திய அரசு வைத்திருக்கிறது. அளவு சின்னதுதான். ஆனால் பண்ணையும் ஆலையும் ஊருக்கு ஊர் இருப்பதால் தலைமடை பலதாகப் பெருகும். நாமக்கல்லில் கோழிக்குப் பஞ்சம் வந்தால்தான் இதற்குப் பஞ்சம்.

லாரியில் போகட்டுமே

குழாயே வேண்டாம், இப்போது போகிற மாதிரி டேங்கர் லாரியில் போகட்டும் என்பவர்கள் உண்டு. 2012 ஆகஸ்டில் கண்ணூர் சாலாவில் எல்பிஜி டேங்கர் கவிழ்ந்து எரிந்ததில் 20 பேர் செத்தார்கள். 2025 ஜனவரி 3 விடியற்காலை, கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்தில் கொச்சியிலிருந்து 18 டன் எல்பிஜியோடு வந்த டேங்கர் கழன்று உருண்டது. கேஸ் கசிந்தது. சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, தீயணைப்பு வண்டிகள் தண்ணீரை அடித்துக்கொண்டே நின்றன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று காலை அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு ஆபீஸ் போன எங்களில் பலர், ஆறு மாதம் முன்புவரை குழாய்த் திட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள்தான்.

குழாயும் சாதுவல்ல. 2014 ஜூன் 27, ஆந்திரத்தில் ‘நகரம்’ என்ற பெயருள்ள கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விடிகிற நேரம், டீக்கடையில் அடுப்பு பற்றவைக்கும் நேரம். டேங்கர் நாள்தோறும் நம் கண்முன்னால் போகும் ஆபத்து. குழாய் மண்ணுக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடிக்கும் ஆபத்து. துருவைப் பிடிக்க ‘பிக்’ என்ற கருவியைக் குழாய்க்குள்ளேயே உருட்டிவிட்டுச் சுவரின் கனத்தை அளக்க முடியும். செய்தால் குழாய்தான் பத்திரம். செய்கிறார்களா என்று கேட்கும் உரிமை குழாய் போகும் ஊருக்கு இருக்க வேண்டும்.

தன்னிறைவுக் கணக்கில் பார்த்தால், எல்பிஜியைக் குழாயில் கொண்டுபோவது டீசலையும் உயிரையும் மிச்சம் பண்ணும், அவ்வளவுதான். காண்ட்லாவிலிருந்து கோரக்பூருக்குப் போடும் 2,800 கிலோமீட்டர் குழாய் எல்பிஜிக் குழாய்களில் உலகிலேயே நீளமானது. அது தொடங்கும் இடம் ஒரு இறக்குமதித் துறைமுகம்.

மாமாவின் தோப்பு

இனி நடுவில் இருக்கும் நிலத்துக்கு வருவோம். பல்லடத்துக்குக் கிழக்கே எங்கள் மாமாவுக்கு நாலு ஏக்கர். தோப்பின் நடுவே பெட்ரோலும் டீசலும் போகும் குழாய் ஒன்று இருபது வருஷத்துக்கு மேலாகக் கிடக்கிறது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வரப்போரம் ஒரு மஞ்சள் கம்பம், அதில் ஒரு போன் நம்பர், அவ்வளவுதான். ஆனால் கூகுள் படத்தில் மேலிருந்து பாருங்கள், தென்னந்தோப்பில் வகிடு எடுத்த மாதிரி நேர்கோட்டில் ஒரு வெற்றுப்பட்டை போகும். பதினெட்டு மீட்டர் அகலம். அதில் மாமா சோளத்தட்டு விதைக்கலாம், வெங்காயம் போடலாம். தென்னை வைக்கக் கூடாது, போர் போடக் கூடாது, மாட்டுக்கு ஒரு சாளை கட்டக் கூடாது. கையில் ஒரு கம்பும் ஜிபிஎஸ் கருவியுமாக ஒருவர் பட்டையோடு நடந்து வந்து பார்த்துவிட்டுப் போவார். அவருக்கு மோர் கொடுத்து மாமாவுக்கு அவரோடு நல்ல பழக்கம்.

இதெல்லாம் 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி. பெட்ரோலிய, கனிமக் குழாய்களுக்கான நிலப் பயன்பாட்டு உரிமைச் சட்டம். நிலம் உங்கள் பெயரில்தான் இருக்கும், அனுபவிக்கும் உரிமையில் ஒரு துண்டு மட்டும் போகும். அதற்கு இழப்பீடு, அறிவிப்பு வந்த தேதியில் அந்தப் பட்டை என்ன விலையோ அதில் 10 சதவீதம், ஒரே தடவை. வெட்டும் மரத்துக்கும் பயிருக்கும் தனி. நூறு ஏக்கர்காரருக்கு இது தொந்தரவு, நாலு ஏக்கர்காரருக்கு இது தோப்பு இரண்டாகப் பிளப்பது. விற்கப் போனால் வாங்க வருபவர் முதலில் கேட்பதே, ‘குழாய் போகுதுங்களா?’

அதனால்தான் கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போக வேண்டிய எரிவாயுக் குழாய் கொங்கு மண்டலத்தில் முட்டிக்கொண்டது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என ஏழு மாவட்டங்கள், சுமார் 310 கிலோமீட்டர். 2013 மார்ச்சில் முதல்வர் ஜெயலலிதா விவசாயிகளின் கருத்தைக் கேட்க ஏற்பாடு செய்து, வயல் வழியாக வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று சட்டப்பேரவையில் அறிவித்தார். அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் மாநில அரசின் உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மாநிலத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. வழக்கில் குழாய் போடும் கெயில் ஜெயித்தது. வழி கிடைத்துவிடவில்லை.

வயலா, நெடுஞ்சாலையா என்பதை நிதானமாக ஒப்பிட்டால், குழாய்க்காரர்களின் வாதத்திலும் விஷயம் இருக்கிறது. சாலையோரத்தில்தான் கடை, வீடு, பேக்கரி, பஸ் ஸ்டாப் எல்லாம் இருக்கின்றன. விபத்து என்றால் சேதம் அங்கே அதிகம். சாலையை நாளைக்கு எட்டு வழியாக்கினால் குழாயைத் தோண்டி எடுக்க வேண்டும். வளைவு கூடினால் செலவும் கூடும். எல்லாம் உண்மை. ஆனால் கணக்கின் மறுபக்கத்தில் தாமதத்தின் விலையை யாரும் எழுதவில்லை. கொச்சி முனையம் சும்மா கிடந்த ஏழு வருஷத்துக்கு என்ன விலை? அதை முதலிலேயே போட்டிருந்தால், சாலையை ஒட்டிப் பத்து, இருபது கிலோமீட்டர் சுற்றிப் போயிருந்தாலும் மலிவாகவே முடிந்திருக்கும்.

கேரளம் வேறு மாதிரி போனது. அங்கேயும் 2017-இல் கோழிக்கோட்டுப் பக்கம் முக்கம் என்ற ஊரில் பெரிய தகராறு, போலீஸ் தடியடி எல்லாம் நடந்தது. பாதையை அதிகம் மாற்றவில்லை, பணத்தை மாற்றினார்கள். சட்டம் சொல்லும் 10 சதவீதத்தை நியாய மதிப்பில் 50 ஆக்கி, அந்த மதிப்பையும் இரட்டிப்பாக்கினார்கள். பத்து சென்ட்டும் அதற்குக் கீழும் வைத்திருப்பவர்களுக்குத் தனி உதவித்தொகை. கடைசி இழுபறி காசர்கோடு சந்திரகிரி ஆற்றின் அடியில் குழாயை நுழைப்பதில் இருந்தது. அது பொறியியல் பிரச்சினை, ஆட்களோடு அல்ல.

கம்பி

எரிவாயுவே வேண்டாம், மின்சாரத்தில் ஓட்டலாம் என்பது கடைசி வழி. தன்னிறைவு என்ற ஒரே அளவுகோலை வைத்தால் இது மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளுகிறது. நம் மின்சாரத்தில் முக்கால் பங்கு அளவுக்கு நிலக்கரி, அதில் பெரும்பகுதி நம் சுரங்கம். கரிப்புகை ஆகாதவர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் அது ஹோர்முஸ் வழியாக வருவதில்லை. மீதியில் காற்றும் வெயிலும் வேகமாக ஏறுகின்றன. சோலார் தகட்டுக்குச் சீனாவை நம்பியிருக்கிறோமே என்றால், நம்பித்தான் இருக்கிறோம். ஆனால் தகடு ஒரு தடவை வந்தால் இருபத்தைந்து வருஷம் கூரையில் கிடக்கும். எல்என்ஜி நாளைக்கும் வர வேண்டும், நாளை மறுநாளும் வர வேண்டும்.

கம்பிக்கும் நிலம் வேண்டும், அதை மறைக்கக் கூடாது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் லைனுக்குக் கோபுரம் நட்டபோது இதே கொங்கு விவசாயிகள்தான் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அவர்களும் கேட்டது, சாலையோரமாகப் புதைத்துக் கொண்டுபோங்கள் என்று. ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாற்றம் நடந்தது. 2024 ஜூனில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதலில், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதமும், கம்பி போகும் பட்டைக்கு 30 சதவீதமும் தரலாம் என்று ஏற்றிவைத்தார்கள். குழாய்ச் சட்டத்தில் அந்த 10 அப்படியே இருக்கிறது. ஒரே வயலில் தலைக்கு மேல் போகும் கம்பிக்கு ஒரு விலை, காலுக்கடியில் போகும் குழாய்க்கு அதில் மூன்றில் ஒரு பங்கு.

எல்லாவற்றையும் கம்பியில் ஓட்ட முடியாது என்பதும் உண்மை. யூரியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும், அதை எரிவாயுவிலிருந்துதான் மலிவாக எடுக்க முடிகிறது. நாட்டின் எரிவாயுவில் மிகப் பெரிய பங்கு உர ஆலைகளுக்குத்தான் போகிறது. கண்ணாடி, பீங்கான், இரும்பை வார்க்கும் உலைகள் எல்லாம் உடனே மாறாது.

வீட்டு அடுப்பு மாறும். கோவையில் தங்கை வீட்டில் குழாய் எரிவாயு வந்துவிட்டது, வாளையார் வழியாக வரும் அதே கொச்சி எரிவாயு. சமையலறைச் சுவரில் மீட்டர், மஞ்சள் குழாய். ஆள் வந்து அடுப்பின் ஜெட்டை மாற்றிவிட்டுப் போனார், எல்பிஜி ஜெட்டின் ஓட்டை இந்த வாயுவுக்குச் சின்னது. சிலிண்டர் தீர்ந்துபோகும் பயம் இல்லை, பின்வாசலில் காலி சிலிண்டர் உருட்டும் சத்தம் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் காலையில் அவசரத்துக்குப் பால் காய்ச்சுவதும் வெந்நீர் வைப்பதும் பக்கத்தில் இருக்கும் இண்டக்‌ஷன் அடுப்பில்தான். அந்த ஒரு தெருவுக்குள் குழாயைக் கொண்டுவர முனையம், 24 அங்குலக் குழாய், வால்வு நிலையம், நகர வாசல் நிலையம், தெருவெல்லாம் தோண்டல் என்று எத்தனை. கம்பி ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தது.

அடுத்த ரூபாய்

என் கையில் இருந்தால் இப்படிப் பிரிப்பேன். கொச்சி, எண்ணூர் மாதிரி ஏற்கெனவே காசு போட்டுக் காத்துக்கிடக்கும் முனையங்களோடு உர ஆலைகளையும் கனரக ஆலைகளையும் இணைக்கும் விட்டுப்போன துண்டுகளை முடிப்பது முதல் வேலை. அங்கே குழாய் வேண்டும், தயங்க ஒன்றுமில்லை. உள்நாட்டு வயலுக்குப் பக்கத்தில் ராமநாதபுரம்–தூத்துக்குடி மாதிரி குட்டைக் குழாய்கள் இரண்டாவது. வற்றப்போகும் ஒரு வயலை நம்பி நாட்டின் குறுக்கே போடுவதை காக்கிநாடாவோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டு அடுப்புக்கென்று புதிய ஊர்களுக்குள் குழாய் கொண்டுபோகும் பணத்தை மின்மாற்றிக்கும் கம்பிக்கும் கூரைத் தகட்டுக்கும் திருப்புவேன். 15 சதவீத இலக்கு 15-ஆகவே இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இறக்குமதி செய்யும் பொருளின் பங்கைக் கூட்டுவதைத் தன்னிறைவு என்று அழைக்க நாக்கு கொஞ்சம் தடுமாறுகிறது.

போடுகிற குழாயைப் போடும்போது, புதிய தடம் என்றால் சாலையோரம், இல்லாவிட்டால் ஏற்கெனவே குழாய் போகும் பட்டையை ஒட்டி. வயலுக்குள் போயே ஆக வேண்டிய இடத்தில் ஒரே தடவை இழப்பீடு என்பதை விட்டுவிட்டு வருஷ வாடகை. குழாயில் எரிவாயு போகும்வரை நிலத்துக்காரருக்கும் கிடைக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் அலகுக்கு விழும் கூடுதல் செலவு பெரிதாக இருக்காது, ஒன்றோடொன்று இணைந்த முக்கியக் குழாய்களை 2023-இலிருந்து ஒருங்கிணைந்த தேசியக் கட்டண முறையில் சேர்த்துவிட்டதால் அது நாடெங்கும் பரவிவிடும்.

போன வாரம் ஊருக்குப் போனபோது மாமாவிடம் இந்த வாடகை யோசனையைச் சொன்னேன். மட்டையைக் கிழித்துக்கொண்டே கேட்டார். அப்புறம், ‘ஏங்கண்ணு, அது ஆடியில தருவாங்களா, தையில தருவாங்களா?’ என்றார். ஆடியில் கிடைத்தால் விதை வெங்காயத்துக்கு ஆகுமாம்.